பத்து நிமிஷம்

பரீட்சைகளைப் பற்றி இந்த மாதிரிப் பத்திரிகையில் எழுதுவதற்கு ஒரு சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பரீட்சை என்ற காரியத்தின் மேல் மரியாதை இழந்த பிறகே இலக்கியத்தின் பக்கம் வந்தவர்கள். மதிப்பெண்ணுக்கும் அறிவுக்கும் உள்ள தூரத்தைப் பற்றிப் போதுமான அளவு பேசியாகிவிட்டது. நான் எடுத்துக்கொள்வது அதையல்ல. உடம்பு மற்றவர்களுடையதைப்போல் இயங்காத ஒருவன் பரீட்சைக்கு முன்னால் 'எனக்கு இன்னது வேண்டும்' என்று ஒரு விண்ணப்பம் எழுத நேர்கிறது. அந்த விண்ணப்பத்தில் அவன் தன்னைப் பற்றி உண்மையைச் சொல்ல முடியுமா என்பதே என் கேள்வி. அனுபவத்துக்கு விசுவாசமாக இருப்பது என்று விமர்சனத்தில் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒரு படிவத்தின் கட்டங்களுக்குள் அந்த விசுவாசம் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க எனக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது.

2019-இல் நடந்தது. என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் எம்.ஏ. முடித்துப் பல வருஷங்கள் டுடோரியலில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்தான். நுழைவுப் பரீட்சை மூன்று மணி நேரம், ஐந்து கட்டுரைகள். அவனுக்குப் பேனாவைப் பிடித்துப் பத்து நிமிஷம் எழுதினால் கட்டைவிரல் உள்ளே மடங்கும், மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும், பேனா தாளைக் கிழிக்கும். வேறு எந்தக் காரியத்திலும் அந்தக் கைக்குக் குறையில்லை. சட்டைக்குப் பொத்தான் போடுவான், சைக்கிள் ஓட்டுவான், டீ கிளாஸைச் சிந்தாமல் பிடிப்பான். நரம்பு மருத்துவர்கள் இதை ஃபோகல் டிஸ்டோனியா என்கிறார்கள். கோளாறு தசையில் இல்லை, அதை ஏவும் மூளையில் இருக்கிறது. அதுவும் குறிப்பிட்ட ஒரு செயலின்போது மட்டும் தலைகாட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கு ஸ்க்ரிவனர்ஸ் பால்ஸி, அதாவது குமாஸ்தாக்களின் வாதம், என்று பெயர் இருந்தது. நானும் ஒரு குமாஸ்தா என்பதால் இந்தப் பெயர் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மனசில் தங்கிவிட்டது.

அவனுக்கு வேண்டியது, சொல்வதை எழுதும் ஒருவர். அல்லது ஒரு கம்ப்யூட்டர். விசைப்பலகையில் அவன் விரல்கள் மெதுவாக என்றாலும் ஒழுங்காக நடக்கும். விண்ணப்பத்தை நான் எழுதித் தருவதாக ஏற்பாடு. வங்கியில் இருப்பவனுக்கு இங்கிலீஷ் லெட்டர் தண்ணீர் பட்ட பாடு என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. நான் எழுதிக்கொண்டுபோன முதல் பிரதியில் மூன்று விஷயங்கள் இருந்தன: இவர் இந்த நோயால் அவதிப்படுகிறார்; இவரால் எழுத இயலாது; தயவுசெய்து இந்தச் சலுகையை அளிக்குமாறு வேண்டுகிறோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து படித்தான். இரண்டாவது வாக்கியத்தில் விரலை வைத்தான்.

"எழுத இயலாதுன்னு யார் சொன்னா? பத்து நிமிஷம் எழுதுவேனே."

"பத்து நிமிஷத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? அதைப் போட்டா, 'எழுதுறான்ல, எழுதட்டும்'பான்."

"அதுக்காக இல்லைன்னு சொல்லச் சொல்றியா?"

அன்று அதை நான் ஒரு பிடிவாதமாகத்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்துச் சான்றிதழுக்காக ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனபோது விஷயம் தீவிரமாயிற்று. டாக்டர் வயதானவர், நல்ல மனிதர். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எழுதச் சொல்லிப் பார்த்தார். கணக்குப் போட்டால் இருபத்தைந்து சதவீதத்துக்கு மேல் வராது, நாற்பது இருந்தால்தான் பல்கலைக்கழகத்தில் கேட்பார்கள் என்றார். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நாப்பதுன்னே போட்டுடட்டுமா தம்பி? யாருக்கும் நஷ்டமில்லை," என்றார். நான் சரியென்று தலையாட்டிவிட்டேன். என் நண்பன் வேண்டாம் என்று சொன்னான். இருபத்தைந்து என்றே எழுதி வாங்கிக்கொண்டு வந்தான். வெளியே வந்ததும் அவனைக் கடுமையாகவே திட்டினேன்.

என் கட்சியை இப்போதும் என்னால் வாதாட முடியும். நாற்பது என்பது சட்டத்தில் ஒரு கோடு. அவனுடைய கைக்கும் அந்தக் கோட்டுக்கும் எந்தச் சம்பந்தமுமில்லை. எழுதும் காரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அவன் ஊனம் கிட்டத்தட்ட முழுமையானது. பொத்தான் போடுவதையும் சைக்கிளையும் சேர்த்துச் சராசரி எடுத்ததால்தான் இருபத்தைந்து. தப்பான அளவுகோலைத் தப்பாகப் படித்துச் சரியான விடைக்கு வருவது பொய்யா? டாக்டர் சொன்னதுபோல யாருக்கும் நஷ்டமில்லை. பொய் சொல்லாமை என்பது பிறருக்குத் தீங்கில்லாத சொல் என்று நமக்கு வெகு காலத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அவன் பதில் தத்துவமாக வரவில்லை. "நாப்பதுன்னு வாங்கிட்டா, அப்புறம் நான் பாங்க்ல ஃபாரம் நிரப்புறதைக்கூட யாரும் பார்க்காம நிரப்பணும். பத்து நிமிஷம் எழுதுறதை ஒளிச்சு வைக்கணும். எங்கிட்ட இருக்கிறதே அந்தப் பத்து நிமிஷம்தான்." இதை நான் அப்போது சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. பொய்ச் சான்றிதழின் தீங்கு பல்கலைக்கழகத்தின் மேல் விழுகிறதா இல்லையா என்றே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவன் மேல் விழும் என்று அவன் சொன்னான். தன் இயலாமையை ஒருமுறை பெரிதாக்கிச் சொன்னவன், அதற்குப் பிறகு அந்த அளவுக்கு இயலாதவனாக நடமாட வேண்டும். அது ஒரு நாள் நடிப்போடு முடிவதில்லை.

சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் இரண்டு பேரை வேறுபடுத்துகிறது. நீண்ட காலக் குறைபாடும் சுற்றியுள்ள தடைகளும் சேர்ந்து சமூகத்தில் பிறருக்குச் சமமாகப் பங்கெடுக்க விடாமல் செய்யும் எவரும் ஊனமுற்றவர். இந்த இலக்கணத்தில் சதவீதம் இல்லை. நாற்பது சதவீதத்துக்குக் குறையாதவர் என்று இன்னொரு வகை தனியாக இருக்கிறது. வேலையில் இடஒதுக்கீடு போன்றவை அவர்களுக்கு. இடஒதுக்கீட்டுக்காக ஏற்பட்ட இந்தக் கோட்டைப் பரீட்சை மண்டபத்துக்கும் இழுத்துக்கொண்டுபோனது நிர்வாகம். 2018 ஆகஸ்ட் 29-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு விதிகள் மணிக்கு இருபது நிமிஷம் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் உண்டு என்றன. ஆனால் நாற்பதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே. என் நண்பனுக்கு வந்த பதில் ஒரே வரி. விதிகளில் இடமில்லை.

2021 பிப்ரவரி 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. வழக்குத் தொடுத்தவர் சிவில் சர்வீஸ் பரீட்சை எழுத வந்தவர். அவருக்கும் இதே கை நோய். தீர்ப்பை எழுதிய நீதிபதி சந்திரசூட், சொல்வதை எழுதுபவரைக் கேட்பதற்கு நாற்பது சதவீதம் நிபந்தனையாக முடியாது என்றார். சிலர் துஷ்பிரயோகம் செய்யக்கூடும் என்பது உண்மையாகத் தேவைப்படுகிறவர்களுக்கு மறுப்பதற்குக் காரணமல்ல என்றார். எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த ஏற்பாடு போதாது, அந்த மனிதருக்கு என்ன தடை என்று பார்த்துச் செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. பத்து நிமிஷத்தில் முறுக்கிக்கொள்ளும் கைக்கு ஒரு மணி நேரம் கூடக் கொடுத்தால் அந்த ஒரு மணியும் முறுக்கிக்கொண்டே போகும். அதற்கு வேண்டியது இன்னொரு கை. கண் மங்கலானவருக்கு நேரமும் பெரிய எழுத்தும் போதுமாக இருக்கலாம். யாருக்கு எது என்று தெரிய வேண்டுமானால் அவர் தன் நிலையை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். எது முடியாது என்பதோடு எது முடியும் என்பதையும். படிவமோ முடியாததை மட்டும் கேட்கிறது.

முடிந்ததைச் சொன்னால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் வக்கீல் தொழிலுக்கான பரீட்சையில் பலமுறை தோற்ற ஒரு பெண், வாசிப்பில் தனக்குள்ள கோளாறுக்காகக் கூடுதல் நேரம் கேட்டு மறுக்கப்பட்டு வழக்குப் போட்டார். அவர் ஏற்கெனவே டாக்டர் பட்டம் பெற்றவர். ஒரு வாசிப்புச் சோதனையில் முப்பதாவது சதமானத்துக்கு மேலே வந்துவிட்டார், ஆகவே ஊனமில்லை என்பது பரீட்சை வாரியத்தின் நிபுணர் கட்சி. நமக்கு நாற்பது, அவர்களுக்கு முப்பது. 1997-இல் தீர்ப்பளித்த மாவட்ட நீதிபதி சோனியா சோட்டோமயோர் (2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்) அந்தச் சோதனை நேரக் கணக்கில்லாமல் நடத்தப்படுவது என்பதைக் கண்டார். அந்தப் பெண் தட்டுத் தடுமாறி, வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டு வாசித்ததையும் கவனித்தார். சரியான விடை வந்தது என்பதிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியாது. பல வருஷ உழைப்பால் ஒருவர் சேர்த்துக்கொண்ட உபாயங்களே அவருக்கு எதிர்சாட்சியாக நிறுத்தப்பட்டன. 2008-இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டபோது, இப்படிப் பழகிக்கொண்ட உபாயங்களைக் கணக்கில் வைத்து ஊனத்தை நிர்ணயிக்கக் கூடாது என்று எழுதிச் சேர்த்தார்கள்.

கேட்டது கிடைத்த பிறகும் விஷயம் முடிந்துவிடுவதில்லை. மேலாண்மைப் பட்டப்படிப்புக்கான ஜிமேட் பரீட்சையைக் கைகளில்லாத ஒருவர் கூடுதல் நேரத்தோடு எழுதினார். அவர் மதிப்பெண்ணோடு, இது விசேஷ நிலைமைகளில் பெறப்பட்டது என்ற ஒரு குறிப்பும் கல்லூரிகளுக்குப் போயிற்று. அவர் வழக்குப் போட்டார். 2001-இல் ஏற்பட்ட சமரசத்தில் ஜிமேட், ஜி.ஆர்.இ. பரீட்சைகளில் அந்தக் குறிப்பு நின்றது. சட்டக் கல்லூரிச் சேர்க்கைக்கான எல்சாட் பரீட்சையில் நிற்க 2014 வரை ஆயிற்று. அதோடு அபராதமும் நஷ்டஈடுமாக 77 லட்சத்து 30 ஆயிரம் டாலர். அந்தக் குறிப்பின் அர்த்தம் என்னவென்று யோசித்துப் பார்க்கலாம். மதிப்பெண் நிஜமானால் குறிப்பு வேண்டாம். நிஜமில்லையென்றால் மதிப்பெண்ணே தரக்கூடாது. இரண்டையும் சேர்த்துத் தந்தவர்கள், தாங்கள் எதை அளந்தோம் என்று தங்களுக்கே தெரியாததை ஒப்புக்கொண்டார்கள். பழியை மட்டும் எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் போட்டார்கள். மில்டன் கண் போன பிறகு பிறரைக் கொண்டு எழுதுவித்தது பாரடைஸ் லாஸ்ட். அதன் தலைப்பில் யாரும் நட்சத்திரம் போட்டுக் கீழே குறிப்பு எழுதவில்லை. நம் இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் கால் இல்லை. ஒருவர் வெண்பாவைத் தொடங்க மற்றவர் முடித்தார் என்கிறது மரபு. பாதி மதிப்பெண் போட வேண்டும் என்று எந்தப் புலவரும் சொன்னதாகத் தெரியவில்லை.

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு; அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கூடுதல் நேரம் கொடுத்தால் யாருக்குத்தான் மதிப்பெண் கூடாது? வேகமும் திறமையில் சேர்த்தி இல்லையா? சில இடங்களில் சேர்த்திதான். தட்டெழுத்துப் பரீட்சையில் வேகத்தை எடுத்துவிட்டால் பரீட்சையே இல்லை. முதல் தேதியில் பென்ஷன்காரர்கள் வரிசை வாசல் வரை நிற்கும்போது கவுன்ட்டரில் இருப்பவன் நிதானமாக யோசிக்கும் ஞானியாக இருந்து பிரயோஜனமில்லை. அப்படியானால், இந்தப் பரீட்சையில் வேகம் எதற்கு என்று நடத்துகிறவர் சொல்ல வேண்டும். ஐந்து வருஷம் உட்கார்ந்து செய்ய வேண்டிய ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்க, மூன்று மணி நேரத்தில் கை எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்ப்பதற்கு என்ன காரணம்? காரணம் ஒன்றும் இல்லை. மண்டபம் மூன்று மணி நேரத்துக்குத்தான் கிடைக்கும். கண்காணிப்பாளர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். நிர்வாக சௌகரியம் நாளடைவில் தகுதியின் இலக்கணமாகிவிட்டது. அது தகுதி இல்லை என்று நிரூபிக்கும் பாரம் மட்டும் கை முறுக்கிக்கொள்கிறவன் தலையில்.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல அனுமதிக்க வேண்டும். வங்கியில் கையெழுத்தை ஒப்பிடுவது தினசரி வேலை. எங்கள் கவுன்ட்டருக்கு வரும் கிழவர்களில் பலருக்கு மாதிரிக் கையெழுத்துப் போட்ட காலத்துக் கை இப்போது இல்லை. கையெழுத்துப் போட முடியாதவருக்குக் கைவிரல் ரேகை. அதுவும் இயலாவிட்டால் கால்விரல் ரேகை. அதற்கும் வழியில்லையென்றால் ஏதாவது ஓர் அடையாளம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள், அவர்களில் ஒருவர் வங்கி அதிகாரி. ரிசர்வ் வங்கியின் விதி இது. இதில் சதவீதம் கேட்பதில்லை. பணம் அவருடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எடுக்க வந்தது அவர்தானா என்பதே கேள்வி. கையெழுத்து அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். கை நடுங்குகிறது என்பதற்காக, 'விசேஷ நிலைமையில் எடுக்கப்பட்டது' என்று பாஸ்புக்கில் நாங்கள் எழுதுவதில்லை. வங்கிகள் தார்மீகத்தில் பல்கலைக்கழகங்களைவிட உயர்ந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளே இருப்பவனுக்கு அந்த மயக்கம் வராது. கையெழுத்து எதற்கு என்பது வங்கிக்குத் தெரிந்திருக்கிறது. அது தெரிந்த இடத்தில் மாற்று வழி சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதே வங்கி வேலைக்கு ஆள் எடுக்கும் பரீட்சையில் இந்தத் தெளிவு இருக்கவில்லை. சதவீதம் பாராமல் அங்கேயும் இவற்றைக் கொடுக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரி 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

சலுகை என்ற வார்த்தையைப் பற்றி ஒன்று. 2010-இல் தமிழக அரசு ஊனமுற்றோர் என்பதை மாற்றுத்திறனாளிகள் என்று மாற்றியது. மனிதர்களுக்குப் பெயர் மாறியது. அவர்களுக்குத் தருவதன் பெயர் மாறவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை அறிவிப்பிலிருந்து எல்லாவற்றிலும் அது இன்னும் சலுகைதான். சலுகை என்பது கொடுக்கிறவன் மனசைப் பொறுத்தது. பரீட்சை மண்டபத்தில் விளக்குப் போடுகிறார்கள், அது கண்ணுள்ளவர்களுக்காக. பெஞ்சு போடுகிறார்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர் தன் இருக்கையைத் தானே கொண்டுவருகிறார். விளக்குக்கும் பெஞ்சுக்கும் யாரும் விண்ணப்பம் எழுதுவதில்லை. நான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பி.ஏ. பரீட்சை எழுதினேன். என்னிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. கண்ணாடியில்லாமல் எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருப்பாய் என்றும் கேட்கவில்லை.

2019-இல் அவன் கையாலேயே பரீட்சை எழுதினான். பத்து நிமிஷம் எழுதுவது, கையை மடியில் வைத்துக்கொள்வது, மறுபடி எழுதுவது. ஐந்தில் ஒன்றரைக் கட்டுரை முடிந்தது. 2021 தீர்ப்பை நான் செல்போனில் வாசித்துக் காட்டியபோது அதிக உற்சாகம் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தான். 2022 ஆகஸ்ட் 10-இல் நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான விதிகள் வந்தன. அதற்கும் மருத்துவர் குழு, அதற்கும் ஒரு படிவம். படிவத்தில் இருந்த வாசகத்தை அவன்தான் எனக்குக் காட்டினான். எழுதும் திறனுக்கு இடைஞ்சலாகும் ஒரு வரம்பு இவருக்கு இருக்கிறது என்ற மாதிரியான வாசகம். "பார்த்தியா, இயலாதுன்னு இல்லை. இதுல என் பத்து நிமிஷம் அடங்கும்," என்றான். விண்ணப்பத்தை இந்த முறை அவனே எழுதினான். நான் படித்துப் பார்த்தேன். பத்து நிமிஷம் எழுத முடியும் என்பது அதில் இரண்டாவது வாக்கியம்.

2023-இல் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷப் பையன் ஒருவன் அவன் சொல்லச் சொல்ல எழுதினான். எழுதுகிறவர் படிப்பில் குறைந்தவராக இருக்க வேண்டும் என்ற ஜாக்கிரதை. பேராசிரியர்கள் பெயரையும் புத்தகங்களின் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்ததில் கூடுதல் நேரத்தில் பாதி போய்விட்டது என்றான். இடம் கிடைத்தது. இப்போது ஆய்வு மாணவன். கூடப் படிக்கிறவர்கள் அவனை சார் என்று கூப்பிடுகிறார்கள்.

அவன் செய்ததே சரி என்று எழுதி இதை முடித்துவிடலாம். என்னால் அது முடியவில்லை. அந்த டாக்டர் நாற்பது என்று எழுத, இவன் வாங்கிக்கொண்டிருந்தால், 2019-லேயே சேர்ந்திருக்கக் கூடும். தன்னைப் பற்றி உண்மை சொன்னதற்கு அவன் நான்கு வருஷம் கொடுத்திருக்கிறான். உண்மை சொல்ல இடமில்லாத படிவத்தை அச்சடித்தவர்கள் எதுவும் கொடுக்கவில்லை. அதை அவனிடம் ஒருமுறை சொன்னேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "நீ பாங்க்காரன், கணக்குப் பார்க்கிறே," என்றான். பார்க்கத்தான் செய்கிறேன். அந்த நான்கு வருஷத்தை யார் பற்றில் எழுதுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.